வாக்களிக்க வராதவர்கள்



பலர் கூடி ஒரு காரியத்தைத் தீர்மானிக்கும்போது, தூக்கிய கைகளை எண்ணிப் பார்த்துப் பெரும்பாலோர் விருப்பம் எதுவோ அதையே முடிவாகக் கொள்வது இக்கால வழக்கமாகும். ஒருவன் ஆணையிட, மற்றவர் யாவரும் அடிபணிந்து கிடந்த பழைய நிலையினும் இவ்வழக்கு ஆயிரம் மடங்கு மேலானது என்பதில் ஐயமில்லை. வாக்குரிமையின்றிப் பன்னெடுங்காலம் வாயடைத்துக் கிடந்த ஏழை மக்கள் அதன் அருமையை நன்கு அறிவார்கள். ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கின்றது. முடிவின் பயனைத் துய்ப்பவர் ஒருவர். முடிவினால் வரும் கேட்டைச் சுமப்பவர் வேறொருவர். சுமப்பவரோ அச்சபைக்கு வரவே இயலாதவர். அங்ஙனமாயின், அங்கே எண்ணப்பட்ட கைகள் மட்டும் நியாயத்தை நிலைநாட்டி விடுமா?

யான் ஆலையில் தறி ஓட்டிய காலத்து நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வருகின்றது. பகல் ஷிப்டுக்காரர்கள் அரைமணி முன்னதாக வீடு திரும்புவதற்கும், அந்த அரைமணியை இரவு ஷிப்டுக்காரர்கள் கூடுதலாக நின்று ஈடு செய்வதற்கும் ஓர் ஏற்பாடு பேசப்பட்டது. பிற்பகல் 3 மணிக்குக் கூட்டம். வந்தவர் அனைவரும் பகல் ஷிப்டுக்காரர்கள். கைகள் உயர்ந்தன, தீர்மானம் ஏகமனதாக நிறைவேறிற்று. அப்போது மூலையில் உட்கார்ந்திருந்த முதிய மேஸ்திரி ஒருவர் எழுந்து, “எல்லாம் சரி, தூங்குகிறவன் கையை யாரப்பா தூக்குவது?” என்று கேட்டார். கூட்டத்தில் ஒருவருக்கும் விடை வரவில்லை. பெரும்பான்மை இருந்தது, விதி மீறப்படவில்லை, எனினும் ஏதோ ஒரு தவறு நடந்துவிட்டது என்பது அங்கிருந்த யாவருக்கும் தெரிந்திருந்தது.

அக்கிழவரின் கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு, உலகின் வடகோடியில் உள்ள ஒரு நிலத்தைப் பற்றி, நாற்பதாண்டுகளுக்கும் மேலாக அமெரிக்க நாட்டுச் சட்டசபையில் நடந்துவரும் வாதத்தை இங்கு ஆராய்வோம்.

நிலமும் அதன் வரலாறும்

அலாஸ்கா மாகாணத்தின் வடகிழக்கு மூலையில், கனடா நாட்டின் எல்லையை ஒட்டி, ஆர்க்டிக் தேசிய வனவிலங்குச் சரணாலயம் உள்ளது. அதன் பரப்பு 1 கோடியே 90 லட்சம் ஏக்கருக்கு மேற்பட்டது. 1956ஆம் ஆண்டில் ஓலாஸ் மியூரி, மார்கரெட் மியூரி என்னும் தம்பதிகள் அப்பகுதியின் ஷீன்ஜெக் ஆற்றுப் பள்ளத்தாக்கில் தங்கி ஆராய்ந்து, அந்நிலத்தைக் காக்கவேண்டும் என்று நாடெங்கும் எடுத்துரைத்தனர். அதற்கான மசோதா 1960இல் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியும் செனட் சபையில் தேங்கி நின்றது. ஆகவே ஐசனோவர் ஆட்சியில் உள்நாட்டு இலாகா மந்திரியாயிருந்த பிரெட் சீட்டன், அவ்வாண்டு டிசம்பர் 6ஆம் நாள் ஓர் ஆணையின் வாயிலாக ஏறத்தாழ 89 லட்சம் ஏக்கரைக் காப்பிடமாக அறிவித்தார்.

எட்டாண்டுகள் கழிந்தன. 1968இல், அக்காப்பிடத்திற்கு மேற்கே புரூடோ வளைகுடாவில் மிகப்பெரிய எண்ணெய் ஊற்று கண்டறியப்பட்டது. 1977இல் அங்கிருந்து தென்கடற்கரைவரை 800 மைல் நீளக் குழாய்வழியே எண்ணெய் ஓடத் தொடங்கிற்று. பக்கத்து நிலத்தில் செல்வம் கிடைத்ததும், காப்பிடத்தின் மீதும் பலர் கண் சென்றது.

1980ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் ஜனாதிபதி கார்ட்டர் கையொப்பமிட்ட அலாஸ்கா நிலச்சட்டம் காப்பிடத்தை இருமடங்குக்கு மேல் விரிவாக்கியது. ஆனால் கடலோரச் சமவெளியான சுமார் 15 லட்சம் ஏக்கரை மட்டும் தீர்ப்புக் கூறாமல் விட்டு வைத்தது. அச்சட்டத்தின் 1002ஆம் பிரிவு அந்நிலத்தின் எண்ணெய் வளத்தையும் உயிர் வளத்தையும் ஆராயச் சொல்லிற்று. 1003ஆம் பிரிவு, சட்டசபை அனுமதித்தாலன்றி அங்கே எண்ணெய் எடுத்தலாகாது என்றது. காவலும் அதே சட்டத்தில் இருந்தது. காவலைத் திறக்கும் சாவியும் அதே சட்டத்தில் இருந்தது. அன்று தொடங்கிய வழக்கு இன்றும் முடியவில்லை.

அந்தச் சமவெளியில் என்ன இருக்கிறது? போர்க்குபைன் ஆற்றின் பெயரால் வழங்கப்படும் கரிபூ மான் மந்தை ஒன்று, 2017ஆம் ஆண்டுக் கணக்கின்படி சுமார் 2 லட்சத்து 18 ஆயிரம் தலைகளை உடையதாயிருந்தது. குளிர்காலத்தைத் தெற்கே காடுகளில் கழித்துவிட்டு, வசந்தத்தில் மலைகளையும் ஆறுகளையும் கடந்து, மே மாத இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் பெண்மான்கள் இச்சமவெளிக்கு வந்து கன்று ஈனுகின்றன. அங்கே இளம்புல் சத்துள்ளது. ஓநாய்களும் கரடிகளும் மலையடிவாரத்தைவிடக் குறைவு. கடற்காற்று கொசுக்களை விரட்டுகின்றது. பனி மிகுந்த ஆண்டுகளில் அவை வந்து சேர இயலாமல் வழியிலேயே கன்று ஈனுவதும் உண்டு. பனிக்கரடிகள் கரையோரப் பனிக்குவியலைக் குடைந்து குட்டி போடுகின்றன. பல கண்டங்களிலிருந்து பறவைகள் வந்து முட்டையிட்டுச் செல்கின்றன. சுருங்கக் கூறின், அது ஒரு பெரும் பிரசவ அறை.

இருதரப்பு வாதங்கள்

எண்ணெய் எடுக்கவேண்டும் என்போர் யாவரையும் பேராசைக்காரர் என்று தள்ளிவிடுதல் நேர்மையாகாது. அவர்கள் கூறுவதையும் செவிசாய்த்துக் கேட்போம். நாட்டுக்கு எண்ணெய் வேண்டும். அதை அந்நிய நாடுகளிடம் கையேந்தி வாங்குவதைவிடச் சொந்த மண்ணில் எடுப்பது பாதுகாப்பு. பலருக்கு வேலை கிடைக்கும். மாகாணத்துக்கு வருவாய் வரும். 1 கோடியே 90 லட்சம் ஏக்கரில் 2,000 ஏக்கரே கட்டடங்களுக்கும் கிணறுகளுக்கும் வேண்டும். புரூடோ வளைகுடாவில் எண்ணெய் எடுக்கத் தொடங்கியபின் அங்கிருந்த கரிபூ மந்தை அழியவில்லை, பெருகவே செய்தது. இவை அவர்தம் வாதங்கள்.

மறுதரப்பார் விடை இது. 2,000 ஏக்கர் என்பது 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதப்பட்ட அளவுதான். ஆயினும் தூண்களின்மேல் செல்லும் குழாய்வழியில், தூண் ஊன்றிய இடம் கணக்கில் வருமேயன்றி, தூணுக்கும் தூணுக்கும் இடைப்பட்ட நெடுந்தூரம் கணக்கில் வராது. வேலி பிடிக்கும் நிலம் விரலளவு. அது அடைக்கும் நிலம் வயலளவு. புரூடோ வளைகுடாவில் மலைக்கும் கடலுக்கும் இடையே நூறு மைல் அளவு அகன்ற வெளி இருந்தது. கன்றோடு கூடிய மான்கள் சாலைகளை விட்டு ஒதுங்கிப்போக அங்கே இடமிருந்தது. காப்பிடத்துச் சமவெளியோ பல இடங்களில் இருபது முப்பது மைல் அகலமே உடையது. ஒதுங்குவதற்கு ஒருபுறம் மலை, மறுபுறம் கடல்.

எவ்வளவு எண்ணெய் அங்கே உள்ளது? 1998இல் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறை வெளியிட்ட மதிப்பீட்டின்படி, பூர்வகுடி மக்களின் நிலத்தையும் அருகிலுள்ள கடற்பகுதியையும் சேர்த்து, எடுக்கக்கூடிய எண்ணெய் 570 கோடிப் பீப்பாய் முதல் 1,600 கோடிப் பீப்பாய் வரை இருக்கலாம். நடுத்தர மதிப்பு 1,040 கோடி. அந்நாடு ஒரு நாளில் ஏறத்தாழ 2 கோடிப் பீப்பாய் செலவிடுகின்றது. வகுத்துப் பார்ப்பின், நடுத்தர மதிப்பு முழுவதும் அந்நாட்டின் 520 நாட் செலவுக்கு ஒப்பாகும். இது சிறிய செல்வமென்று யான் கூறவில்லை. பல ஆண்டுகளில் சிறிது சிறிதாக எடுக்கப்படும் பெருஞ்செல்வமே அது. ஆனால் தட்டின் ஒருபுறம் 520 நாள் எரிபொருளையும், மறுபுறம் மனிதன் அங்கே காலடி வைக்குமுன்பிருந்தே நடந்துவரும் மான்களின் யாத்திரையையும் வைத்து நிறுக்கும்போது, தராசைப் பிடிப்பவன் கை நடுங்கவேண்டும். அந்த எண்ணெயை எரிப்பதனால் எழும் புகை பூமியின் வெப்பத்தைப் பெருக்கும். அவ்வெப்பம் உலகின் மற்றப் பகுதிகளினும் விரைவாக வடதுருவத்தையே உருக்கி வருகின்றது என்பதையும் அத்தட்டில் வைத்தல் வேண்டும்.

சபையில் நடந்தது

1987இல் உள்நாட்டு இலாகா சமவெளியைத் திறந்துவிடச் சிபாரிசு செய்தது. 1989 மார்ச்சு மாதத்தில் செனட் குழு ஒன்று அதற்கான மசோதாவை அங்கீகரித்தது. சில நாட்களே கழிந்தன. மார்ச்சு 24ஆம் நாள் எக்ஸான் வால்டீஸ் என்னும் எண்ணெய்க் கப்பல் அலாஸ்காவின் தென்கடலில் பாறைமேல் ஏறிற்று. ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் காலன் எண்ணெய் கடலில் கலந்தது. கரிய எண்ணெயில் தோய்ந்த பறவைகளின் படங்களைக் கண்ட மக்கள் கொதித்தெழவே, மசோதா கிடப்பில் போடப்பட்டது. காரணங்களை ஆராய்ந்து எவரும் மனம் மாறவில்லை. கண்முன் பிணங்கள் மிதந்தபோதே மனம் மாறிற்று. இது மனித இயல்பைப் பற்றிய ஒரு துயரமான செய்தியாகும்.

1995இல் வரவு செலவு மசோதாவினுள் இவ்விஷயம் சேர்க்கப்பட்டது. ஜனாதிபதி கிளிண்டன் அதனை மறுத்துத் திருப்பினார். 2002இல் செனட் சபையில் 46 வாக்குகளே ஆதரவாகக் கிடைத்துத் தோற்றது. 2005 டிசம்பரில், போர்ச்செலவுக்குப் பணம் ஒதுக்கும் மசோதாவோடு இதனை இணைத்தனர். படைவீரர்களுக்கான பணத்தை எவர் எதிர்ப்பார் என்ற எண்ணம் போலும். விவாதத்தை முடிக்க 60 வாக்குகள் தேவை, 56 கிடைத்தன, 44 பேர் எதிர்த்து நின்றனர். மீண்டும் தோல்வி.

பின்னர் 2017 டிசம்பரில், வரிகளைக் குறைக்கும் பெருஞ்சட்டத்தின் உள்ளே ஒரு பகுதியாக இது நுழைந்தது. வரவு செலவு சார்ந்த அத்தகைய மசோதாவுக்கு 60 வாக்குகள் வேண்டியதில்லை. வெறும் பெரும்பான்மை போதும். செனட் சபையில் 51க்கு 48 என்ற கணக்கில் அது நிறைவேறிற்று. ஏழாண்டுக்குள் இரண்டு ஏலங்கள் நடத்தவேண்டும் என்றது சட்டம். 2021 ஜனவரி 6ஆம் நாள் முதல் ஏலம் நடந்தது. பெரிய எண்ணெய்க் கம்பெனி ஒன்றுகூட வரவில்லை. 1 கோடியே 44 லட்சம் டாலரே ஏலத்தொகை. அதிலும் பெரும்பகுதி நிலத்தை எடுத்தது அலாஸ்கா மாகாணத்தின் அரசு நிறுவனமே. அதன்பின் வந்த ஆட்சி 2023இல் அக்குத்தகைகளை ரத்துச் செய்தது. அவ்வாறு ரத்துச் செய்தது சட்டவிரோதம் என்று 2025 மார்ச்சில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதற்கிடையே 2025 ஜனவரியில் நடக்கவிருந்த இரண்டாம் ஏலத்துக்குக் கேட்பாரே இல்லை. ஆயினும் அவ்வாண்டு ஜூலை மாதம் மற்றொரு பெருஞ்சட்டம் வந்தது. செனட் சபையில் 50க்கு 50 எனச் சமமாக நிற்க, உபஜனாதிபதியின் ஒற்றை வாக்கினால் அது நிறைவேறிற்று. அச்சட்டம், பத்தாண்டுகளுக்குள் இன்னும் நான்கு ஏலங்களாவது நடத்தியே தீரவேண்டும் என்று கட்டளையிடுகின்றது. அக்டோபரில், சமவெளி முழுவதும் குத்தகைக்குத் திறக்கப்படும் என்று உள்நாட்டு இலாகா அறிவித்தது.

திரும்பி வருகின்ற முடிவும் திரும்பி வராத முடிவும்

இவ்வரலாற்றை ஊன்றி நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். நிலத்தைக் காக்கவேண்டும் என்று விரும்பியோர் 1989இல் வென்றனர், 1995இல் வென்றனர், 2002இல் வென்றனர், 2005இல் வென்றனர். ஆயினும் ஒவ்வொரு முறையும் அவர்கள் வென்றது அடுத்த வாக்கெடுப்பு வரையுள்ள காலத்தை மட்டுமே. எதிர்த்தரப்பாரோ எத்தனை முறை தோற்பினும், மீண்டும் வந்து கதவைத் தட்டலாம். தட்டித் தட்டி ஒருமுறை திறந்துவிட்டாற் போதும். எண்ணெயை எடுத்தபின், “வேண்டாம், மீண்டும் நிலத்தடியில் வைத்து விடுவோம்” என்று எந்தச் சபையும் தீர்மானம் போட இயலாது.

1984, 1985ஆம் ஆண்டுக் குளிர்காலங்களில், எண்ணெய் எங்கே இருக்கிறது என்று அறிய, நிலத்தில் அதிர்வுகளைச் செலுத்தி ஆராயும் கனத்த வண்டிகள் அச்சமவெளியில் ஓடின. கிணறு தோண்டவில்லை, சாலை போடவில்லை, பனியின்மேல் வண்டிகள் சென்றன, அவ்வளவே. அச்சுவடுகளிற் சில பல பத்தாண்டுகள் கழிந்தும் மறையவில்லை என்று அறிஞர்கள் பதிவு செய்துள்ளனர். அங்கே மண்ணின் அடியில் உறைபனி; மேலே மெல்லிய பாசியும் புல்லும். அப்போர்வை கிழிந்தால் அடியிலுள்ள பனி உருகி நிலம் அமிழ்கின்றது. வெறும் ஆராய்ச்சியின் தழும்பே இவ்வளவு காலம் நிற்குமாயின், தொழிற்சாலையின் தழும்பு எவ்வளவு காலம் நிற்கும்?

ஆகவே இவ்விரண்டு வாக்குகளும் சமமானவை அல்ல. ‘இப்போது வேண்டாம்’ என்பது நாளைய மக்களின் கையில் முடிவை ஒப்படைக்கின்றது. ‘இப்போதே எடு’ என்பது நாளைய மக்களின் கையைக் கட்டி விடுகின்றது. முன்னது தவறாயின் திருத்தலாம். பின்னது தவறாயின் வருந்தலாம், அவ்வளவே. திருத்தக்கூடிய காரியங்களுக்கு ஒரு வாக்கு மிகுதி போதுமானதாயிருக்கலாம். திருத்த இயலாத காரியத்தை ஒற்றை வாக்கினால், அதுவும் வரிச்சட்டத்தின் மடிப்புக்குள் மறைத்து வைத்து நிறைவேற்றுவது, விதிப்படி சரியாயிருப்பினும் அறத்தின்படி சரியாகுமோ? மான்களைப் பற்றி நேருக்குநேர் கேட்டபோது 60 பேர் கிடைக்கவில்லை. ஆதலின், வரியையும் போரையும் பற்றிக் கேட்கும்போது அதனுள் இதனையும் கட்டிக் கேட்டனர். நேரே கேட்கக் கூசுகின்ற கேள்வியைச் சுற்றி வளைத்துக் கேட்பவன், விடை என்னவாயிருக்கும் என்பதை முன்னரே அறிந்தவன் அன்றோ?

பசித்தவன் கையொப்பம்

இனி, இவ்வழக்கின் மிகக் கடினமான பகுதிக்கு வருவோம். இதனைத் தவிர்த்துவிட்டு அறம் பேசுவது எளிது. ஆனால் அது பொய்யறம்.

சமவெளியின் எல்லைக்குள் உள்ள ஒரே ஊர் காக்டோவிக். அங்கே வாழ்வோர் முந்நூறுக்கும் குறைவு, இன்யூப்பியாட் இனத்தவர், திமிங்கில வேட்டையை உயிராகக் கொண்டவர்கள். அவர்களுடைய கூட்டுநிறுவனத்துக்கு அங்கே 92,000 ஏக்கர் உண்டு. 2017இல் சட்டசபை கதவைத் திறக்கும்வரை அவர்கள் தம் நிலத்திலும் எண்ணெய் எடுக்க இயலாதிருந்தது. அவர்களிற் பெரும்பாலான தலைவர்கள் எண்ணெய் எடுக்கவேண்டும் என்கின்றனர்; வேண்டாமென்போரும் அவ்வூரில் உண்டு. ஆதரிப்போர் கூற்று யாது? “புரூடோ வளைகுடா எண்ணெயின் வரிப்பணத்தால்தான் எங்களுக்குப் பள்ளிக்கூடம் வந்தது, வைத்தியசாலை வந்தது, வீட்டுக்குள் குழாய்த் தண்ணீர் வந்தது. அதற்கு முன் வாளியில் மலம் சுமந்தோம். இங்கு வந்தே பார்த்திராத தூரதேசத்தார், எங்கள் நிலத்தை அப்படியே வைத்திருங்கள் என்று எங்களுக்கு உபதேசம் செய்வது என்ன நியாயம்?”

மலைகளுக்குத் தெற்கே வாழும் குவிச்சின் இனத்தவர் இதற்கு நேர்மாறு. கரிபூ மானே அவர்களுக்கு உணவு, உடை, பாட்டு, கதை யாவும். 1988ஆம் ஆண்டு ஜூன் மாதம், அலாஸ்காவிலும் கனடாவிலும் சிதறி வாழும் அம்மக்கள் ஆர்க்டிக் வில்லேஜ் என்னும் சிற்றூரில் ஒன்றுகூடி, கன்று ஈனும் நிலத்தைக் காப்பதென உறுதி செய்துகொண்டனர். அந்நிலத்தை ‘உயிர் தொடங்கும் புனித இடம்’ என்று அவர்கள் தம் மொழியில் வழங்குகின்றனர். மான்கள் மெலிந்தால் தாமும் மெலிவோம் என்பது அவர் கூற்று.

இரு பூர்வகுடிகள், இருவரும் ஏழைகள், இருவரும் தம் பிள்ளைகளை எண்ணியே பேசுகின்றனர். இவர்களுள் எவரை நாம் பொய்யர் என்போம்? 1867இல் ருஷிய அரசு 72 லட்சம் டாலருக்கு அலாஸ்காவை அமெரிக்காவுக்கு விற்றபோது, இவ்விருவரையும் எவரும் கேட்கவில்லை. வாங்கினவன் ஒருவன், விற்றவன் ஒருவன்; குடியிருந்தவன் பேச்சு ஏட்டிலேயே ஏறவில்லை. நிலம் யாருடையது என்ற கேள்வியை அன்று கேட்க மறந்தவர்கள், இன்று காக்டோவிக் மக்களைச் சாட்சிக்கு அழைத்து, “பாருங்கள், அம்மக்களே விரும்புகின்றார்கள்” என்கின்றனர்.

பசித்தவன் இடும் கையொப்பத்தின் மதிப்பு யாதென்று ஆலைத் தொழிலாளி அறிவான். இரண்டு ஷிப்டு தொடர்ந்து நிற்கிறாயா என்று கேட்டால், வீட்டில் அடுப்பெரியாதவன் நிற்கிறேன் என்பான். அவன் சம்மதித்தான் என்பது உண்மை. சுதந்திரமாகச் சம்மதித்தான் என்பது பொய். தண்ணீர்க் குழாயும் வைத்தியசாலையும் ஒரு நாட்டின் குடிமக்கள் யாவருக்கும் உரியவை. அந்நாட்டின் பெருநகரத்தில் வாழ்பவன் அவற்றைப் பெறுவதற்காகத் தன் தாயகத்தை ஏலத்தில் வைக்க வேண்டியதில்லை. காக்டோவிக் மனிதன் மட்டும் ஏன் வைக்கவேண்டும்?

ஆதலின் சரணாலயத்தைக் காக்க விரும்புவோர்மீது ஒரு கடன் விழுகின்றது. “நாடு முழுமைக்கும் இது பொதுச்செல்வம்” என்று அவர்கள் கூறுவாராயின், அதைக் காக்கும் செலவையும் நாடு முழுமையும் ஏற்கவேண்டும். பள்ளியும் மருந்தும் நீரும் எண்ணெயின் கூலியாக அன்றி உரிமையாக அம்மக்களுக்குப் போய்ச் சேரவேண்டும். அதைச் செய்யாமல் மானின் படத்தைச் சுவரில் மாட்டிக்கொண்டு, மோட்டார் வண்டியில் எண்ணெய் நிரப்பிக்கொண்டு, ஏழையை மட்டும் தியாகம் செய்யச் சொல்வது அறமன்று. அது மற்றொரு வகைச் சுரண்டலேயாகும்.

நமக்கு என்ன?

எங்கோ வடதுருவத்தில் நடக்கும் வழக்கு நமக்கு என்ன என்று கேட்பார் உளர். அஸ்ஸாம் மாநிலத்துத் தின்சுகியா மாவட்டத்தில் பாக்ஜான் என்றோர் ஊர் உண்டு. திப்ரு–சைகோவா தேசியப் பூங்காவும், மாகுரி–மோதாபுங் என்னும் ஏரியும் அதன் அருகில் உள்ளன. 2020ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் அங்கே ஆயில் இந்தியா கம்பெனியின் 5ஆம் எண் கிணறு வெடித்து வாயுவைக் கக்கிற்று. ஜூன் 9ஆம் நாள் தீப்பற்றிற்று. தீயணைக்கும் வீரர் இருவர் உயிர் நீத்தனர். ஆயிரக்கணக்கானோர் வீடுகளை விட்டு வெளியேறி முகாம்களில் தங்கினர். மீன்பிடித்து வாழ்ந்தவர்களின் ஏரியில் எண்ணெய்ப் படலம் மிதந்தது. அக்கிணறு முற்றாக அடக்கப்பட்டது நவம்பர் 15ஆம் நாளில். ஏறத்தாழ ஐந்தரை மாதங்கள் கழிந்த பின்னர்.

அந்த எண்ணெயும் வாயுவும் யாருக்காக எடுக்கப்படுகின்றன? நமக்காக. யானும் பஸ் ஏறுகின்றேன். என் வீட்டிலும் எரிவாயு அடுப்பு எரிகின்றது. ஆதலின் நம் கை சுத்தமென்று சொல்லிக்கொண்டு மற்றவரைக் குற்றம் சாட்ட நமக்கு உரிமையில்லை. எனினும் கை அழுக்காயிருப்பவன் வாய் திறக்கலாகாது என்றால், உலகில் எவனும் எந்தத் தீமையையும் எடுத்துரைக்க இயலாது. தன் பங்கை ஒப்புக்கொண்டு, தன் தேவையைச் சுருக்கிக்கொண்டு, அதன்பின் பேசுவதே முறை.

தேவைக்கும் ஆசைக்கும் எல்லைக்கோடு எங்கே என்று பலர் கேட்பர். முழு எல்லைக்கோட்டை யான் காட்டவல்லேன் அல்லேன். ஆனால் ஓர் அடையாளம் சொல்லலாம். தேவை, கிடைத்ததும் அடங்குகின்றது. ஆசை, கிடைத்ததும் அடுத்த கதவைத் தட்டுகின்றது. புரூடோ வளைகுடாவில் கிடைத்தது. பிறகு சரணாலயத்தின் கதவு தட்டப்பட்டது. 2025இல் ஏலத்திற்குக் கேட்பாரின்றிப் போயினும், மேலும் நான்கு ஏலங்கள் என்று சட்டம் எழுதப்பட்டது. வாங்குவார் வராத பண்டத்தை விற்றே தீருவேன் என்று நிற்பது, தேவையின் குரலா, ஆசையின் குரலா என்பதை நீங்களே ஆராய்ந்து முடிவு செய்க.

முடிவுரை

சட்டசபைகள் வேண்டாம் என்று யான் கூறவில்லை. மான்களைக் காத்ததும் சட்டசபைதான். 44 பேர் எழுந்து நின்று தடுத்ததும் அச்சபையில்தான். சட்டம் இல்லாவிடில் வலியவன் நேற்றே தோண்டியிருப்பான். ஆனால் சபையில் அமர்வோர் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். அவர்கள் வாக்களிக்கும் அறைக்கு வெளியே, வாக்களிக்க வர இயலாதவர் பெருங்கூட்டமாக நிற்கின்றனர். கன்றோடு நிற்கும் மான் ஒருபுறம். இன்னும் பிறவாத குழந்தை ஒருபுறம். எல்லைக்கோட்டுக்கு அப்பால் கனடாவில் அதே மந்தையை நம்பி வாழும் குவிச்சின் கிழவி ஒருபுறம். அம்மந்தையைக் காப்பதாக 1987இல் அமெரிக்காவும் கனடாவும் உடன்படிக்கை செய்துகொண்டன. கனடா தன் பக்கத்துக் கன்றீனும் நிலத்தைத் தேசியப் பூங்காவாக்கிக் காத்துவருகின்றது. ஆயினும் அக்கிழவிக்கு அமெரிக்கச் சபையில் வாக்கு இல்லை.

வராதவர்களுக்காக இருப்பவர்கள் கை தூக்கவேண்டும். அதுவே பிரதிநிதி என்ற சொல்லின் பொருள். தம்மை அனுப்பினவர்க்கு மட்டும் பேசுபவன் தரகன். அனுப்ப இயலாதவர்க்கும் சேர்த்துப் பேசுபவனே பிரதிநிதி.

அன்று எங்கள் ஆலைக் கூட்டத்தில், அம்முதியவர் கேட்ட கேள்விக்குப்பின் சிறிதுநேரம் மௌனம் நிலவிற்று. பிறகு ஒருவர் எழுந்து, இரவு ஷிப்டுக்காரர்கள் எழுந்து வரும்வரை தீர்மானத்தை ஒத்திவைப்போம் என்றார். அரைமணி முன்னதாக வீடு போகும் வாய்ப்பு அன்று எங்களுக்குக் கிடைக்கவில்லை. அதனால் ஒருவரும் இறந்துவிடவில்லை. மறுநாள் இரவு ஷிப்டு ஆட்களோடு கலந்து பேசினோம். வேறோர் ஏற்பாடு பிறந்தது.

இரவு ஷிப்டுக்காரன் எழுந்து வருவான். மான் எழுந்து வந்து பேசாது. பிறவாத குழந்தையும் பேசாது. ஆதலின், அவர்களுக்காகக் காத்திருக்கும் பொறுமை நமக்கு இன்னும் மிகுதியாக வேண்டும். ஒத்திவைப்பதனால் இழப்பது சிறிது. அவசரத்தால் இழப்பது என்றைக்குமானது. இதனை அறிவுடையோர் சிந்திப்பாராக!